வெயிலுக்குப் பூட்டுப் போட்ட மாப்பிள்ளை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகும்படி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். வந்தேன், பேசினேன். டீயும் வடையும் நன்றாகவே இருந்தன. நான் பேசி முடித்ததும் உங்களில் ஒருவர் எழுந்து, "மேடம், சுருக்கமா சொல்லுங்க, டீசல் நல்லதா, சோலார் நல்லதா?" என்று கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். சுருக்கமாக இருக்காது. ஓய்வு பெற்றவளிடம் சுருக்கத்தை எதிர்பார்த்தது உங்கள் தப்பு.

எரிசக்தித் தணிக்கை என்ற நம் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது சிரமம். மில், சாயப்பட்டறை, உலர்களம் என்று அடுத்தவர் இடத்துக்குப் போகிறோம். அங்கே எரிவதையும் சுழல்வதையும் பார்த்து, இது வீண், அது வீண் என்று சொல்லிவிட்டு வருகிறோம். சம்பளத்தோடு கூடிய மாமியார் வேலை என்றுதான் என் வீட்டில் சொல்வார்கள். நீங்கள் இப்போது வெப்பத்தைப் படம் பிடிக்கிற கேமராவோடு கிளம்புகிறீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது புறங்கையை நீட்டிப் பார்ப்பதுதான் கேமரா.

அந்த வேலையில் நான் அதிகம் சந்தித்த கேள்வி நீங்கள் கேட்ட அதே கேள்விதான். வேடசந்தூர் பக்கம் மில்காரர் கேட்டிருக்கிறார், சின்னாளபட்டியில் சாயம் போடுகிறவர் கேட்டிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். நெய்க்காரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கேட்டபோதுதான் அந்தச் சமாளிப்பு பலிக்கவில்லை. அங்கே நான் எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒரு குழந்தையின் காதுகுத்து நின்றுவிடும் என்ற நிலை.

செல்வி என்ற பெண்தான் போன் செய்து என்னை வரவழைத்தாள். காந்திகிராமம் பக்கம் நடந்த ஒரு பயிற்சியில் நான் பேசியதைக் கேட்டவள். அன்றைக்கு அதிகமாகக் கேள்வி கேட்டதும் அவள்தான். அவளுடைய கணவர் கதிர்வேல். அவளுடைய அண்ணன் துரைசாமி. அண்ணன் தோப்புக்கும் கணவர் தோப்புக்கும் நடுவில் ஒரு வரப்புதான். இரண்டு தோப்புத் தேங்காயும் ஒரே களத்தில்தான் கொப்பரையாகக் காயும். முந்தின வருஷத்து ஐப்பசி மழையில் களத்தில் கிடந்த கொப்பரை முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டது. இனிமேல் திறந்த களத்தை நம்பக் கூடாது என்று மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். அதுவரைக்கும் ஒற்றுமைதான்.

துரைசாமி வாங்கியது டீசல் உலர்த்தி. ஒரு கொட்டகை; பக்கத்தில் டீசல் எரிகிற அடுப்பு. சூடான காற்றை மின்விசிறி கொட்டகைக்குள் தள்ளும். புகை மட்டும் தனியாக ஒரு நீளமான தகரக் குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். கதிர்வேல் போட்டது சோலார் கூடாரம். வளைத்த கம்பிகள் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, இரண்டு முனையிலும் மேலும் கீழுமாகச் சின்ன ஜன்னல்கள் வைத்தது. வெயில் உள்ளே புகும், சூடு உள்ளேயே தங்கும். இரண்டும் நல்ல சாதனங்கள்தான். வைத்திருந்த ஆட்கள்தான் வில்லங்கம்.

ஒரு குடும்ப விருந்தில் இலையில் உட்கார்ந்திருக்கும்போது துரைசாமி அந்தக் கூடாரத்தை மழைக்கோட்டு என்று கிண்டல் செய்திருக்கிறார். டீசல் குடித்துவிட்டு ஏப்பம் விடும் எருமையை விட மழைக்கோட்டு மேல் என்று கதிர்வேல் திருப்பிச் சொல்லியிருக்கிறார். பந்தியே சிரித்திருக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மச்சான் காலமெல்லாம் தோப்பு நிழலில் படுத்தே கிடந்தவர், அவருக்கு வெயிலின் அருமை எங்கே தெரியப் போகிறது என்று கதிர்வேல் இன்னொரு வார்த்தையையும் விட்டுவிட்டார். துரைசாமி சோற்றில் கை வைக்காமல் இலையிலிருந்து எழுந்துவிட்டார். அந்தக் கூடாரத்தைப் பிரிக்கும்வரை இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அந்தப் பக்கத்தில் அது சின்ன வார்த்தை இல்லை. ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால் அந்த வீட்டு உறவே வேண்டாம் என்று அர்த்தம்.

இந்த நேரத்தில்தான் செல்வியின் பெண் குழந்தை இனியாவுக்குக் கார்த்திகையில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எனக்குக் காது குத்தியது என் மாமா மடியில்தான். அவருடைய புது வேட்டியை நான் நனைத்துவிட்ட கதை இன்னமும் எங்கள் வீட்டு விசேஷங்களில் ஓடுகிறது. அதனால் அந்த மடி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொந்தக்காரர்கள் கூடி ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரே வெட்டில் இறக்கின தேங்காயைச் சமமாகப் பிரித்து ஆளுக்குப் பாதி. அவரவர் சாதனத்தில் அவரவர் காய வைக்க வேண்டும். யாருடைய கொப்பரை மோசமோ அவர் தன்னுடையதைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். தீர்ப்புச் சொல்லத்தான் திண்டுக்கல்லிலிருந்து மேடம். இந்த விவரம் எதுவும் போனில் எனக்குச் சொல்லப்படவில்லை. களத்தில் போய் இறங்கி, நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையில் இளநீரைக் கொடுத்த பிறகுதான் சொன்னார்கள். இளநீரைக் குடித்துவிட்டேன், திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

செல்வி என்னைக் கை கழுவக் கூட்டிப்போகிற சாக்கில் வீட்டுக்குப் பின்பக்கம் நிறுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அண்ணன் தோத்தா ரோசத்துல வரமாட்டாருங்க. இவரு தோத்தா அண்ணனக் கூப்பிட மாட்டாருங்க. யாரு செயிச்சாலும் என்ற புள்ளைக்கு மடி இல்லைங்க மேடம்."

 வெப்பவியலில் இந்தக் கேள்வியை யாரும் எனக்கு நடத்தவில்லை.

முதலில் துரைசாமியின் கொட்டகைக்குப் போனேன். அவர் உபசரித்த விதம் பிரமாதம். புகைக்குழாயின் அடியில் ஒரு குண்டாவை வைத்து வெந்நீரே போட்டிருந்தார். அதைக் காட்டி, வெளியே போகிற புகைக்கே இவ்வளவு சூடு என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும் பாருங்கள் என்று பெருமைப்பட்டார். உங்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வர வேண்டும். வராவிட்டால் பாடத்தை மறுபடியும் படியுங்கள். வெளியே போகிற புகை அவ்வளவு சூடாக இருக்கிறதென்றால், எரித்த டீசலின் அவ்வளவு சூடும் கொப்பரைக்குக் கிடைக்காமல் வானத்துக்குப் போகிறது. சூடு எங்கும் தொலைந்துபோவதில்லை, ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேர்கிறது. முதல் விதி அவ்வளவுதான். அதனால்தான் நான் எங்கே போனாலும் முதலில் கேட்கிற கேள்வி, "எங்க போகுது?"

அவருடைய கொப்பரை ஒன்றை எடுத்து உடைத்தேன். மேலே இறுகிப்போய், நடுவில் வெள்ளையாக ஈரம். தீயைத் தூக்கி வைத்துச் சுட்ட முறுக்கு மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்குமே, அப்படி. டீசல் தீ இரும்பையே பழுக்க வைக்கும். கொப்பரைக்கு வேண்டியதோ நல்ல வெயிலை விடக் கொஞ்சம் கூடுதலான சூடு. அவ்வளவு உசந்த சூட்டால் லாரி ஓட்டலாம், ஊருக்குக் கரண்ட் எடுக்கலாம். அதைக் கொண்டுவந்து தேங்காயை வாட்டுவது, இளநீர் சீவ மரம் அறுக்கிற மிஷினைக் கொண்டுவந்த கதை. சூட்டில் அளவு மட்டும் இல்லை, தரமும் உண்டு. உசந்த சூட்டைத் தாழ்ந்த வேலைக்குச் செலவழித்தால் அதைத் திரும்ப உசத்த முடியாது. இரண்டாம் விதி சொல்வது இதைத்தான்.

சரி, சூரியன் பக்கம் நியாயம் இருக்கும் என்று கதிர்வேலின் கூடாரத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் என் தலையில் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் பிளாஸ்டிக் கூரை முழுக்க முத்து முத்தாக நீர். தட்டுகளில் கொப்பரை வழவழவென்று இருந்தது, புளித்த வாடை. வெளியே வெயில் காய்கிறது, உள்ளே தனியாக ஒரு ஐப்பசி நடந்துகொண்டிருந்தது. காற்று போக வேண்டிய ஜன்னல்கள் எங்கே என்று தேடினேன். எல்லாவற்றையும் பலகை வைத்து மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. சரக்குக் கிடங்குக் கதவுக்குப் போடுகிற கனத்த பூட்டு.

கதிர்வேலுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கஷ்டப்பட்டுப் பிடித்த சூட்டை வெளியே விட அவருக்கு மனசு வரவில்லையாம். அது ஒரு காரணம். மச்சான் ஆள் வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டுத் தன்னைத் தோற்கடித்துவிடுவார் என்ற சந்தேகம் இன்னொரு காரணம்.

"திண்டுக்கல்லுக்கே போயி வாங்கியாந்தனுங்க. உங்கூருப் பூட்டுங்க மேடம்" என்றார்.

எங்கள் ஊர்ப் பூட்டு எத்தனையோ வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. அது வெயிலைக் காவல் காக்கப் போய் மானம் கெட்டதை அன்றுதான் பார்த்தேன். காய வைப்பது என்றால் சூடாக்குவது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீரை வெளியே அனுப்புவது. வெயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு கொப்பரையின் ஈரம் ஆவியாகிறது. அந்த ஆவி கிளம்பிப் போனால்தான் வேலை முடியும். கதவை அடைத்தால் அது கூரையில் போய் ஒட்டி, மறுபடி நீராகி, கிளம்பின இடத்திலேயே விழும். ஒருவர் சூட்டை வானத்துக்கு வாரிவிட்டிருந்தார். இன்னொருவர் ஈரத்தைச் சிறை வைத்திருந்தார்.

களத்துக்குத் திரும்பினால் அங்கே ஒரு பங்காளி காத்திருந்தார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. போனில் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தார். சோலார் தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக மாற்றுகிறது, டீசல் அடுப்பு போட்டதில் பெரும்பங்கைச் சூடாகக் கொடுக்கிறது, ஆகவே டீசல்தான் கெட்டி என்பது அவருடைய வாதம். கூட்டம் தலையாட்டியது.

உங்கள் மீட்டிங்குகளிலும் இந்தப் பேச்சு வரும், அதனால் கவனியுங்கள். அவர் சொன்ன எண்களில் தப்பில்லை, ஒப்பிட்டதில்தான் தப்பு. முதலில், அந்தக் கூடாரம் கரண்ட் எடுக்கவே இல்லை. வெயிலைச் சூடாகவே வாங்கிச் சூடாகவே பயன்படுத்துகிறது. இரண்டாவது, பங்கு எதில் என்று கேட்க வேண்டும். தகட்டில் வீணாகிற வெயில், தகடு இல்லாவிட்டாலும் அந்தக் கூரை மேல் விழுந்து வீணாகத்தான் போகும். யாரும் தோண்டி எடுத்ததில்லை, கப்பலில் ஏற்றியதில்லை. அடுப்பில் வீணாகிற டீசலோ அத்தனை தூரம் வந்து, எரிந்து, புகையாகி, ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போகிறது. கரண்டிலும் இந்தக் கதை உண்டு. நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கும்போது சூட்டில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. அப்படிப் பாடுபட்டு எடுத்த கரண்டைக் கொண்டுபோய்க் குளிக்க வெந்நீர் போடுகிறோம்.

அதற்காக வெயிலைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். வெயில் மெல்லிசாகப் பரவி வரும், அதற்குப் பெரிய இடம் வேண்டும். தனக்கு இஷ்டப்பட்ட நேரத்தில்தான் வரும். மேகம் வந்தால் சொல்லாமல் லீவு போட்டுவிடும். டீசல் கூப்பிட்ட நேரத்துக்கு வரும், கேட்ட வேகத்தில் எரியும். அந்தக் குணத்தால்தான் அது உலகத்தையே மயக்கியது.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் ஒரே போராட்டம். கதிர்வேலிடம் ஜன்னலைத் திற என்று சொன்னால் போட்டி நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தவளாகிவிடுவேன். சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கொப்பரை அழுகும். நடுவராக வாயை மூடியிருப்பதா, வேலைக்காரியாக வாயைத் திறப்பதா? நான் வாயைத் திறப்பது என்று முடிவு செய்து எழுந்தேன். அதற்குள் பழனி மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

காற்று அடித்தது, கரண்ட் போனது. டீசல் அடுப்பு ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. டீசலைத் தெளிக்கிற பம்புக்கும் காற்றைத் தள்ளுகிற விசிறிக்கும் கரண்ட் வேண்டும் என்பதைத் துரைசாமி அதுவரை யோசித்ததே இல்லை. டாங்க் நிறைய டீசல் இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியவில்லை. கதிர்வேல் சத்தம் போட்டுச் சிரித்தார். அப்புறம் கூடாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார், சிரிப்பு நின்றது. வெயில் போனதும் உள்ளே குளிர்ந்துகொண்டிருந்தது. இப்போது துரைசாமி சிரித்தார். மழை தொடங்கியதும் இரண்டு பேர் சிரிப்பும் அடங்கியது. இரண்டு வீட்டின் ஒரு பருவத்து உழைப்பு கொட்டகையிலும் கூடாரத்திலும் கெட்டுக்கொண்டிருந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"செத்த நேரம் எல்லாரும் சும்மா இருங்க" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, என்னிடம் யோசனை எதுவும் இல்லை. அந்த அமைதி எனக்குத் தேவைப்பட்டது. நெருக்கடியில் நாம் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். பத்து பேர் பேசுகிற இடத்தில் மூளை வேலை செய்யாது. சுற்றிப் பார்த்தேன். என் பழைய கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட்டேன். இந்தக் களத்தில் யாரும் தொடாத சூடு எங்கே இருக்கிறது?

வேலியோரம் ஒரு குன்று மாதிரி தேங்காய்த் தொட்டி குவிந்து கிடந்தது. தொட்டி என்றால் அந்தப் பக்கத்தில் சிரட்டை. கரி போடுகிறவர் வந்து அள்ளிப் போவதற்காக மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதுவும் வெயில்தான். போன வருஷத்து வெயிலை மரம் பிடித்துத் தொட்டியாக வைத்திருக்கிறது. யோசித்தால் டீசலும் வெயில்தான், எந்தக் காலத்திலோ கடலில் வாழ்ந்த உயிர்கள் பிடித்தது. இன்றைக்கு அடிக்கிற வெயில் பச்சைக் காய், தொட்டி வத்தல், டீசல் ஊறுகாய். பச்சைக் காய் கிடைக்கிற அன்றைக்கு அதைச் சமைக்க வேண்டும். கிடைக்காத அன்றைக்கு வத்தலைப் போடலாம், அடுத்த வருஷமும் வத்தல் போட்டுக்கொள்ளலாம். ஊறுகாய் ஜாடி மட்டும் ஒன்றுதான். அதையே சோறு மாதிரி அள்ளிச் சாப்பிட்டால் ஜாடியும் காலி, வயிறும் எரியும்.

தொட்டித் தீயை நேராகக் கொப்பரைக்குக் கீழே வைத்தால் புகை பிடித்துக் கறுத்துவிடும், பிளாஸ்டிக்கும் பற்றிக்கொள்ளும். தீ கூடாரத்துக்கு வெளியே ஒரு தகர டிரம்மில் இருக்க வேண்டும். புகை ஒரு குழாய்க்குள் கூடாரம் முழுக்கத் தட்டுகளுக்கு அடியில் நடந்து, அந்தப் பக்கம் வெளியே போக வேண்டும். சூடு உள்ளே தங்கும், புகை தங்காது. அப்படிப்பட்ட நீளமான குழாய் அந்த ஊரிலேயே துரைசாமியின் கூரை மேல் மட்டும்தான் இருந்தது. அது கூடாரத்துக்குள் நுழைய ஒரே வழி கதிர்வேல் பூட்டி வைத்த ஜன்னல்.

சொன்னேன். மச்சான் குழாயைக் கழற்ற வேண்டும், மாப்பிள்ளை பூட்டைத் திறக்க வேண்டும், மச்சானுடைய கொப்பரையும் இந்தக் கூடாரத்துக்கே வர வேண்டும் என்றேன். இரண்டு பேரும் அசையவில்லை. முதலில் அவர் கழற்றட்டும் என்று இவர் நிற்கிறார், முதலில் இவர் திறக்கட்டும் என்று அவர் நிற்கிறார். மழை வலுத்துக்கொண்டே இருக்கிறது. 

செல்வி குழந்தையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தாள். களத்தோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கூடாரத்தை நோக்கி நடந்தாள்.

"அது திண்டுக்கல் பூட்டு, ஒடையாது" என்றார் கதிர்வேல், பாதிக் குரலில்.

"பூட்டு ஒடையாட்டி ஜன்னலு ஒடையுமுங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

கதிர்வேல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். தங்கச்சி மழையில் கடப்பாரையோடு நிற்பதைப் பார்த்த துரைசாமி ஏணியைத் தூக்கித் தன் கூரையில் சாய்த்தார். ஜன்னல்கள் திறந்தன, குழாய் இறங்கியது, துரைசாமியின் கொப்பரையும் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தது. நுழைகிற இடத்தில் பிளாஸ்டிக் சுட்டுவிடாமல் செங்கல் வைத்து மண் பூசினோம். நனைந்த என் கைத்தறிப் புடவை பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

மழை படாமல் மேலே தகரத்தைச் சாய்த்து மறைத்த டிரம்மில் தீ வைத்ததும் புகை முழுக்கப் பின்னாலேயே வந்து எங்கள் முகத்தில் அடித்தது. அத்தனை பேரும் இருமிக்கொண்டே என்னைத்தான் பார்த்தார்கள்.  இது சொதப்பினால் மச்சானும் மாப்பிள்ளையும் அன்றைக்கே ஒன்று சேர்ந்துவிடுவார்கள், என்னைத் திட்டுவதற்காக. நல்லவேளை, அந்தப் பயத்திலும் கண் வேலை செய்தது. குழாயின் மறுமுனை தரையோடு படுத்துக் கிடந்தது. சூடான காற்று ஏறத்தான் செய்யும். அது ஏறுவதற்கு உயரம் கொடுத்தால் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். கடைசித் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டச் சொன்னேன். துரைசாமி நிறுத்தினார். புகை ஒரு நிமிஷம் தயங்கியது. அப்புறம் குழாய் இழுக்க ஆரம்பித்தது. விசிறியும் இல்லை, கரண்டும் இல்லை.

கூடாரத்தின் மேல் ஜன்னல் வழியாகக் கதகதப்பான காற்று வெளியே வந்தது. கதிர்வேல் அதில் கையை வைத்துப் பார்த்துத் துடித்துப்போனார்.

"சூடு போகுதுங்களே மேடம்."

"போகட்டும். ஈரத்தைத் தூக்கிட்டுல்ல போகுது" என்றேன்.

எனக்குக் கடைசி பஸ் போய்விடும். தீயை எப்படி மிதமாக வைத்துக்கொள்வது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஊருக்குப் போகிற வழியெல்லாம் பிளாஸ்டிக் பற்றி எரிகிற மாதிரியே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் போனபோது மழை விட்டிருந்தது. கூடாரம் நின்றுகொண்டிருந்தது. டிரம்முக்கு முன்னால் துரைசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தொட்டியாகத் தீயில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மடியில் இனியா உட்கார்ந்து, அவர் போட வேண்டிய தொட்டியை எடுத்து எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாப்பிட்டு மடித்த இலை ஒன்று கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"களத்துலதானுங்க சாப்பிட்டேன். வூட்டுக்குள்ள போவலீங்க" என்றார், சட்டம் பேசுகிற முகத்தோடு.

கொஞ்ச நேரத்தில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். இவ்வளவு நடந்த பிறகும் அவர்களுக்குத் தீர்ப்பு வேண்டும். கோயம்புத்தூர்ப் பங்காளி எனக்காக நாற்காலியைத் துடைத்தே போட்டார். கொப்பரையை உடைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் தேறியிருந்தது. வழவழத்துப் போனதில் ஒரு பங்கும், மேலே கருகியதில் ஒரு பங்கும் தேறவில்லை. துரைசாமியும் கதிர்வேலும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். செல்வி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் ஜெயித்தாலும் மடி இல்லை என்று அவள் சொன்னது என் காதிலேயே இருந்தது.

"ரெண்டு பேரும் தோத்துட்டீங்க" என்றேன்.

கூட்டம் முழிக்க, நான் காரணம் சொன்னேன். ஒருவர் சூட்டைக் காற்றில் விட்டார், ஒருவர் காற்றை விடவே இல்லை. இரண்டு பேர் கொப்பரையும் மூன்றாவது ஒரு வழியில்தான் காய்ந்திருக்கிறது. பேசினபடி தோற்றவர் தன்னுடையதைப் பிரிக்க வேண்டும். மச்சானின் குழாய் நேற்றே பிரித்தாகிவிட்டது, மாப்பிள்ளையின் பூட்டும் நேற்றே கழற்றியாகிவிட்டது. பந்தயம் தீர்ந்தது. இனிமேல் வெயில் இருக்கும்போது கூடாரம், வெயில் போனால் தொட்டி, இரண்டும் கைவிட்டால் அன்றைக்கு மட்டும் டீசல் என்றேன்.

செல்வியைக் காப்பாற்றுவதற்காக நான் வளைத்துச் சொன்ன தீர்ப்பு என்று நினைக்காதீர்கள். படித்ததில் எனக்கு அதிகம் பிடித்த விதியே அதுதான். எதை எரித்தாலும், எதைப் பிடித்தாலும், கொஞ்சம் கை நழுவிப் போயே தீரும். முழுசாக ஜெயித்தவர் இந்த உலகத்தில் யாரும் இல்லை. டீசலா சோலாரா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த வேலைக்கு, எவ்வளவு சூட்டில், எந்த நேரத்தில், வீணாகிறது எங்கே போகிறது என்றுதான். இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பெரும்பாலும் வெயில்தான் முன்னால் வந்து நிற்கும். ஆனால் கேட்காமலே வெயில் என்று சொல்கிறவர் கூடாரத்தைப் பூட்டிவிடுவார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றார்கள். தனியாகத் தோற்கவில்லை என்பதில் இரண்டு பேருக்குமே ஒரு நிம்மதி தெரிந்தது. கதிர்வேல்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மச்சா, கைகால் கழுவீட்டு வூட்டுக்குள்ள வாங்க. மேடமும் இன்னும் சாப்பிடலீங்க."

துரைசாமி குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார். செல்வி அழுதுகொண்டே இலை போட்டாள். நானும் சேர்ந்து அழுதுவிட்டேன், சாம்பார் காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

கார்த்திகையில் எனக்கும் அழைப்பு வந்தது. அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் துரைசாமி புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். மடியில் இனியா. ஊசியைப் பார்த்ததும் அவள் போட்ட கத்தலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டன. இரண்டாவது காதுக்கு இன்னும் பெரிய கத்தல். கதிர்வேல் மச்சானுக்குப் பின்னால் நின்று குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். துரைசாமிக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மேடம், எதுக்கெடுத்தாலும் எங்க போகுதுன்னு கேப்பீங்களே, இத்தன சத்தமும் எங்கீங்க போகும்?"

"கடைசியில எல்லாமே கொஞ்சூண்டு சூடா மாறி, பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் போயிச் சேந்துரும்ங்க" என்றேன்.

 அவர் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.